பனி விழுந்தால்தான் கட்டுரை

சஸ்காட்டூன்,
அக்டோபர் மாதம், பாழாய்ப்போன வெயில் அடிக்கும் ஒரு வியாழக்கிழமை.

என் மனைவியின் அண்ணனும் என் நிம்மதிக்கு நிரந்தர எதிரியுமான அன்பு மச்சான் நார்பெர்ட்டுக்கு, ஓவிட் எழுதிக்கொள்வது.

நீ ஒரு அயோக்கியன்.

பதறாதே. இது வசவு இல்லை, மையக்கருத்து. இங்கே பல்கலைக்கழகத்தில் நம்மைப் போன்ற பழங்குடி மாணவர்களுக்கென்று ஒரு எழுத்து உதவி அறை இருக்கிறது. அங்கே டாரியா என்கிற பெண் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: சொல்ல வந்ததை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும், அப்புறம் உட்கார்ந்து ஆதாரம் காட்ட வேண்டும். நம் வெள்ளைமீன் ஏரிப் பக்கம் ஒருவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே வந்த காரியத்தைச் சொன்னான் என்றால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். இங்கே அதுதான் மரியாதையாம். ஆகவே கருத்தைச் சொல்லியாயிற்று, இனி நலம் விசாரிக்கிறேன்.

நானும் உன் தங்கை ரோசலியும் நலம். என் இடதுகால் கட்டைவிரல் மட்டும் நலமில்லை, அதற்குக் காரணம் நீ, அதைப் பிறகு சொல்கிறேன். ரோசலி இந்த ஊரில் பிங்கோ ஆடும் இடங்களையெல்லாம் கண்டுபிடித்துவிட்டாள், பஸ் டிரைவர்கள் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வலையில் மீன் விழுகிறதா? இந்த வருஷமாவது மூஸ் மானைச் சுட்டாயா, இல்லை வழக்கம்போல மானுக்குப் பின்னால் நின்ற மரத்தைத்தானா? உன் நாய்களுக்கு என் அன்பு. உனக்கு இப்போதைக்கு இல்லை.

நான் எதற்காக ஐம்பத்தாறு வயதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு இங்கே வந்து கிடக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் டாரியா சொல்கிறாள், படிப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டுமாம். உன் விஷயத்தில் அது சுலபம். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் இத்தனை வருஷமாக நம் க்ரீ பேச்சைச் சொல்லிக்கொடுத்து வந்தேன், பஸ்ஸும் ஓட்டினேன். திடீரென்று பட்டம் இருப்பவர்தான் வகுப்பெடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டம் வாங்காவிட்டால் தெற்கிலிருந்து ஒரு வாத்தியார் வருவார், அவருக்கு நம் பேச்சு தெரியாது, ஒலிப்பதிவுப் பெட்டியை அமுக்குவார், பெட்டி பேசும், பிள்ளைகள் பெட்டிக்குப் பதில் சொல்வார்கள். அந்தப் பெட்டி பிள்ளைகளைக் கேலிகூடச் செய்யாது மச்சான், கேலி இல்லாமல் நம் பேச்சை எவன் கற்றுக்கொள்வான்? அதற்காகத்தான் வந்தேன். போன பருவத்தில் ஒரு பாடத்தில் விழுந்துவிட்டேன். இந்தப் பருவத்தில் இன்னொன்றில் விழுந்தால் மூட்டையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். இது தெரிந்தும் நீ இந்த வேலையைப் பார்த்தாய், அதனால்தான் முதல் வரி.

எழுத்து உதவி அறை நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதல்நாள் போனபோது முறைப்படி ஒரு பொட்டலம் புகையிலையை இரண்டு கையாலும் டாரியாவிடம் நீட்டினேன். ஒருவரிடம் உதவி கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போக முடியுமா? அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள், உக்ரைன்காரர்களின் பேத்தி, கோதுமை வயலில் வளர்ந்தவள். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐயோ, நான் சிகரெட் பிடிக்கிறதில்லைங்க."

"நானும்தான் பிடிக்கிறதில்ல."

"அப்புறம் எதுக்கு?"

"நீங்க எனக்கு எழுதக் கத்துக்குடுக்கறதுக்கு."

"மார்க் போடறது நான் இல்லைங்க! அது பேராசிரியர்!"

லஞ்சம் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம். மேலதிகாரியிடம் ஓடி, அவர் இன்னொருவரிடம் ஓடி, கடைசியில் யாரோ விஷயத்தைச் சொல்லி, மூச்சு வாங்கத் திரும்பி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் மேசை இழுப்பறை முழுக்கப் புகையிலைதான். அவள் அம்மா ஒருநாள் பார்க்க வந்து, இழுப்பறையைத் திறந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம்.

முதல் கட்டுரை "நான் யார்" என்பது. அப்பாவில் தொடங்கி, அவருடைய அப்பா, அவர் பொறி வைத்த காடு, அந்தக் காட்டுக்குப் போகும் ஓடை, ஓடைக்கரையில் குடியிருந்த சித்தப்பா வகையறா என்று முறையாக எழுதிக்கொண்டு வந்தேன். நாலாவது பக்கத்தில் டாரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கேன், இன்னும் பிறக்கல" என்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவள் திணறியது ரோசலி விஷயத்தில்தான். நம் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தானே, இங்கிலீஷில் எழுதும்போது எது வாயில் வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறேன்.

டாரியா ரொம்ப நாசூக்காகக் கேட்டாள். "ஓவிட், தப்பா எடுத்துக்காதீங்க. முதல் பத்தியில உங்க மனைவி ஆம்பளையா இருக்கார். ரெண்டாவதுல பொம்பளை. மூணாவதுல மறுபடியும் மீசை வெச்சுக்கிட்டு வர்றார். எத்தனை பேருங்க?"

இதை ரோசலியிடம் சொன்னேன். "ரெண்டு பேரா இருந்தா ஒருத்தியையாவது சமைக்க வெச்சுட்டு நான் பிங்கோவுக்குப் போயிருப்பேனே" என்றாள். அதோடு போகவில்லை. நம் பேச்சில் கால்சட்டைக்கு உயிர் உண்டு, கெண்டிக்கு உயிர் உண்டு, அது பாட்டுக்கு என் இங்கிலீஷிலும் வந்துவிட்டது. ஈரமான கால்சட்டையார் அடுப்புக்குப் பக்கத்தில் ஓய்வெடுத்தார் என்ற வரியைப் படித்துவிட்டு அந்தப் பெண் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது, நானும் இந்தப்பக்கம் சிரித்தேன். அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

ஆதாரம் என்று ஒரு தொல்லை இருக்கிறது. எதைச் சொன்னாலும் யார் சொன்னது, எங்கே சொன்னது, எந்தப் பக்கம் என்று குறிப்புப் போட வேண்டும். வலையை எப்போது தூக்குவது என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

"இது யார் சொன்னது?"

"எங்கப்பா."

"எங்கே?"

"படகுல."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். வலதுபக்கம் நான் துடுப்புப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அப்படியே எழுதிக்கொண்டாள் மச்சான். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. இங்கே பலபேர் நம்மைத் திருத்துகிறார்கள், அவள் ஒருத்திதான் முதலில் கேட்டுவிட்டுத் திருத்துகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேராசிரியர் எல்லிங் என்று ஒருவர், நெட்டையான ஆள், நம் கதைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். நம் கதைகளில் வருகிறானே அண்ணன், உலகத்தையே ஏமாற்றித் தானும் ஏமாந்து போகிறவன், அவன் பெயரை இப்போது எழுத மாட்டேன், உனக்கே தெரியும். அவனுடைய கதை ஒன்றை நாங்கள் கேட்டபடியே எழுதி, அதை அலசி, வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மற்றப் பிள்ளைகள் நூலகத்துக்கு ஓடினார்கள், நான் காலைநீட்டி உட்கார்ந்துகொண்டேன். இருபது கதை தெரியும் எனக்கு. அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பசேலென்று புல். ஒருவன் சட்டையில்லாமல் ஓடுகிறான்.

தரையில் பனி இல்லாமல் அண்ணன் கதையை எப்படிச் சொல்வது? சொன்னால் ஊர்வன படுக்கைக்குள் வரும் என்று உனக்கும் எனக்கும் பல் முளைக்கும் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு வருஷமாக இருந்தால் இந்நேரம் ஒரு தடவையாவது தூவியிருக்கும். இந்த வருஷம் பார்த்து வானத்துக்கும் என்மேல் என்ன கோபமோ.

டாரியாவிடம் சொன்னேன். கேலி செய்யவில்லை. அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தை எடுத்தாள். காய்ச்சல், சாவு, விபத்து என்று காரணங்கள் இருந்தன, பனி இல்லை என்பது இல்லை. "மற்றவை" என்ற இடத்தில் அதை எழுதினோம். அன்று மாலையே எல்லிங்கிடமிருந்து பதில் வந்தது. முப்பது வருஷமாகச் சாக்குகளைக் கேட்டுவருவதாகவும், வானிலையின்மேல் பழிபோட்ட முதல் ஆள் நான்தான் என்றும், அதற்காகத் தன் பாராட்டு என்றும், கெடு வெள்ளிக்கிழமைதான் என்றும் எழுதியிருந்தார். படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது மச்சான், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். பொய்யன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்.

டாரியா தேநீர் போட்டுக் கொடுத்தாள். "ஒரே ஒரு வரி சொல்லுங்க ஓவிட், முழுசா வேண்டாம். எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சா நான் ஒரு சட்டகம் போட்டு வைக்கிறேன்." சூடான தேநீர், நன்றாகச் சர்க்கரை போட்டது. நானும் இளகிவிட்டேன். "அண்ணன் நடந்து போயிட்டிருந்தான்" என்றேன். அவ்வளவுதான். எல்லாக் கதையும் அப்படித்தானே தொடங்குகிறது.

மறுநாள் காலை அவள் தலைவாராமல் வந்து நின்றாள்.

"நீங்க நேத்து என்ன பண்ணினீங்க?"

"என்ன?"

"கறுப்பு. உடம்பெல்லாம் மஞ்சத் திட்டு. நாலு காலு. வழவழன்னு. என் போர்வைக்குள்ள!"

சாலமாண்டர், பல்லி மாதிரி இருக்கும் ஈரத்தோல் பிராணி. இந்தச் சமவெளியில் குளிர் வரும் முன் அவை வீடுகளின் கீழ்த்தளத்துக்குள் நுழைவது வழக்கம்தான், அவள் குடியிருப்பதும் ஒரு கீழ்த்தளத்தில்தான். அதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. அன்றிலிருந்து என்னைவிடக் கெடுபிடி ஆகிவிட்டாள். பனி விழும்வரை இங்கே கதை பேசக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். சீனத்துப் பையன் ஒருவன் இயற்பியல் கட்டுரையோடு வந்தான், அவனிடமும் "இதுல கதை ஏதும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

பனியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. பனித்தரையைச் சுரண்டும் வண்டி, சுரண்டிய தூளையெல்லாம் பின்வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறது. கோடையிலும் அங்கே ஒரு மேடு கிடக்கும். "தரையில பனி இருக்கணும், அவ்வளவுதானே? அங்கே தரையில பனி இருக்கு!" என்று குதித்தாள். செல்லுமா செல்லாதா என்று எனக்குத் தெரியவில்லை. குளிர்காலத்தில் ஊரே உன் வீட்டில்தான் உட்கார்ந்து இந்தக் கதைகளைக் கேட்கிறது, உன்னை விட்டால் யாரைக் கேட்பது? அதனால்தான் உனக்குப் போன் போட்டேன். நீ அப்போது பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஆதாரம் வேண்டுமல்லவா.

"மச்சான், அங்கே பனி விழுந்துச்சா?"

"இங்கே கொசுவே இன்னும் போகல."

"இங்கே ஹாக்கி அரங்கத்துப் பனி கிடக்கு. அதுமேல நின்னு கதை சொன்னா செல்லுமா?"

நீ கொஞ்சநேரம் பேசவில்லை. ஆழ்ந்து யோசிக்கிறாய் என்று நினைத்தேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதானே தெரிகிறது.

"செல்லும்டா" என்றாய். "ஆனா மனுசன் செஞ்ச பனியா இருந்தா, பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட நிக்கணும். பூமிக்குத் தெரியணும்ல."

"அப்படியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"நீ பஸ் ஓட்டிட்டு இருந்தே. உனக்கு எங்கே தெரியும்?"

பூமிக்குத் தெரியணுமாம்! நானும் நம்பினேன் பார். புதன்கிழமை சாயங்காலம் அரங்கத்தின் பின்வாசலுக்குப் போனோம். டாரியா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள், போர்வைக்குள் வந்ததை நினைத்துப் பயந்து கழுத்துவரை சால்வை. நான் கால்சட்டையாரை முழங்கால்வரை சுருட்டிவிட்டு அந்த அழுக்குப் பனிமேட்டின்மேல் ஏறி நின்றேன். முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாவது வரியில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். கையை உயர்த்தி, அண்ணன் வாத்துகளைக் கூப்பிடும் இடத்துக்கு வந்தபோது பின்கதவு திறந்தது. தோளில் ஹாக்கிப் பை, கையில் மட்டை, ஈரத்தலை. பேராசிரியர் எல்லிங். புதன்கிழமைதோறும் கிழவர்களோடு அங்கே ஆடுகிறாராம், எனக்கு எப்படித் தெரியும்?

"ஓவிட்டா?"

"ஆமாங்க."

"என்ன பண்றீங்க இங்கே?"

டாரியா வாளியிலிருந்து எழுந்து, "முதல் வரைவுங்க" என்றாள்.

"பூட்ஸ் எங்கே?"

"போடக்கூடாதுங்க. செஞ்ச பனின்னா வெறுங்காலோடதான் நிக்கணும்" என்றேன். பல் தந்தியடித்தது.

அவர் பையைக் கீழே வைத்தார். என் காலைப் பார்த்தார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் நிறத்தில் இருந்தது அது. முகமே மாறிவிட்டது அவருக்கு.

"நான் சாக்குன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "நிஜமாவே பனி இல்லாம சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டோங்க."

"நான் வருஷா வருஷம் ஜூன் மாசத்துல இந்தக் கதைகளை வகுப்புல சத்தமாப் படிக்கிறேனே."

டாரியா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க வீட்டுல கீழ்த்தளம் இருக்குங்களா?"

அவர் மட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தார். "அதுக்குன்னே ஒரு வாளி வெச்சிருக்கேன்" என்றார். "அங்கே வர்றதுங்களை அள்ளிக் கொண்டுபோய் வெளியில விடறதுக்கு."

அப்புறம் அவரே என் பூட்ஸை எடுத்துவந்து கொடுத்தார். நிஜப் பனி விழட்டும், விழுந்தபிறகு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னார். பேராசிரியர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் மச்சான், நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால் பல்தான் ஆடியது.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிங்கோ முடிந்து வந்த ரோசலி, "ஏய்யா, உனக்கு அறிவிருக்கா? எவன்யா வெறுங்காலோட நிக்கச் சொன்னது?" என்றாள்.

"உங்கண்ணன்தான்."

அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான். "எங்கண்ணன் பேச்சைக் கேட்டு பூட்ஸைக் கழட்டின முதல் ஆள் நீ இல்லய்யா. ஆனா படிச்சவங்கள்ல நீதான் முதல்" என்றாள். எல்லிங்கிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "மொதல்ல கட்டுரையைக் குடு, மார்க்கை வாங்கு, அப்புறம் உண்மையைச் சொல்லு" என்று பூட்ஸை ஒளித்துவைத்துவிட்டாள்.

ஆகவே, மேற்கூறிய ஆதாரங்களின்படி என் மையக்கருத்து நிரூபிக்கப்பட்டது. நீ அயோக்கியன். என் படிப்போடும் பிள்ளைகளின் வகுப்போடும் விளையாடியவன். நல்லவேளை, தப்பித்தேன். இனி நீ இந்த நகரத்துப் பக்கம் வரவேண்டாம், வந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டவேண்டாம், தட்டினாலும் நான் பிங்கோவுக்குப் போயிருப்பேன்.

உன் வலை நிறையட்டும், மோட்டார் ஒரே இழுப்பில் பிடிக்கட்டும், முழங்கால் உன்னைச் சுமக்கட்டும், உன் நாய்கள் உன்னைவிட நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்பதரை விரல்களோடு நடமாடும் உன் மச்சான்,
ஓவிட்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். உறையை ஒட்டப் போகும்போது டாரியா மூச்சிரைக்க வந்தாள். எல்லிங் உன்னைக் கூப்பிடுகிறார். உன்னைத்தான்! வெறுங்கால் விதியைச் சொன்ன பெரியவரை வகுப்புக்கு அழைத்து, முறைப்படி புகையிலை கொடுத்து, அந்த விதியை மாணவர்களுக்கு விளக்கச் சொல்ல வேண்டுமாம். அவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மச்சான், என் தங்க மச்சான், நம் ஊரிலிருந்து இங்கே வருமே சாலமோனின் லாரி, அதில் ஏறி உடனே கிளம்பி வா. கதவு திறந்திருக்கும், ரோசலி மூஸ் கறி வைப்பாள், கட்டில் உனக்கு, தரை எனக்கு. வந்து அந்தப் பொய்யை நாற்பது பேர் முன்னால் சிரிக்காமல் சொல்லு. நீ சிரித்தால் எனக்குக் கொடுத்த அவகாசம் போச்சு, அவகாசம் போனால் படிப்பு போச்சு, பெட்டி வந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும். பூமிக்குத் தெரிய வேண்டும் என்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லு, அது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சீக்கிரம் வா, ஏனென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தபால்தலை வாங்கப் போய்விட்டு நான் இப்போது அரங்கத்தின் பின்வாசல் வழியாகத்தான் வந்தேன். பனிமேட்டின் ஓரத்தில் ஒரு ஜோடி பெரிய பூட்ஸ், உள்ளே காலுறையை மடித்துவைத்து, நின்றது. மேலே எல்லிங் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நாளைய பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.